விழுங்க முடியாத எதிரி: வெள்ளை அணுக்களின் சண்டையை முதலில் பார்த்த மெச்னிகாஃப்

முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்டவர்களில் சிலருக்கு, ஆபரேஷன் முடிந்து மாதங்கள் கழித்து அந்த இடத்தில் வலியும் வீக்கமும் தொடங்கும். ஆன்டிபயாடிக் கொடுத்தால் அடங்கும். நிறுத்தினால் திரும்ப வரும். ஒரு கட்டத்தில், வைத்த செயற்கை மூட்டையே கழற்றி எடுக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லிவிடுவார்கள். நல்ல மருந்து இருக்கு. உடம்பில் கோடிக்கணக்கான வெள்ளை அணுக்களும் இருக்கு. பிறகு ஏன் இந்த நிலை?

பல நேரங்களில் இதற்கான பதில், பயோஃபிலிம். பாக்டீரியாக்கள் தனித்தனியாக மிதக்காமல், ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, தாங்களே சுரக்கும் பசைக்குள் கூட்டமாகக் குடியேறுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். காலையில் பல் துலக்குவதற்கு முன் நாக்கால் பல்லைத் தடவினால் ஒரு வழவழப்பு தெரியுமே, அதுவும் பயோஃபிலிம்தான். வெள்ளை அணுக்கள் அந்தக் கூட்டத்தைக் கவனிக்காமல் இல்லை. தேடி வருகின்றன, சூழ்ந்துகொள்கின்றன. ஆனால் விழுங்க முடிவதில்லை.

நம் செல்கள் கிருமிகளை விழுங்கிக் காப்பாற்றுகின்றன என்ற கருத்தையே மருத்துவ உலகத்தில் நிலைநிறுத்தியவர் ஒரு டாக்டர் இல்லை. கடல் புழு, ஜெல்லி மீன், நட்சத்திர மீன் என்று சுற்றிக்கொண்டிருந்த விலங்கியல் ஆய்வாளர். பெயர் இலியா மெச்னிகாஃப். பள்ளிப் பாடத்தில் வெள்ளை அணு கிருமியைத் தின்னும் என்று ஒரு வரியில் படித்துவிட்டுப் போகிறோம் இல்லையா, அந்த ஒரு வரிக்காக இவர் 25 வருஷம் சண்டை போட்டார். விழுங்குவது மட்டுமல்ல, விழுங்க முடியாமல் போவதும் ஆரம்பத்திலிருந்தே அவருடைய மைக்ரோஸ்கோப்பில் தெரிந்தது.

காசு கொடுத்துப் பாடம் கேட்க வைத்த பையன்

1845 மே மாதம், அன்றைய ரஷ்யப் பேரரசில், கார்கிவ் பகுதியில் உள்ள ஒரு கிராமத்தில் மெச்னிகாஃப் பிறந்தார். இன்று அது உக்ரைன். அப்பா ராணுவ அதிகாரி. அம்மா யூத வம்சாவளியைச் சேர்ந்தவர். ஐந்து பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி. ஒரு இடத்தில் உட்காராத பையன், ஆனால் செடி, பூச்சி என்றால் மட்டும் நின்று பார்ப்பான். சின்ன வயதிலேயே தாவரங்களைப் பற்றி வகுப்பு எடுக்க ஆசைப்பட்டு, தன் கைக்காசைக் கொடுத்து அண்ணன்களையும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் கேட்க வைத்தாராம்.

கார்கிவ் பல்கலைக்கழகத்தில் நாலு வருஷப் படிப்பை ரெண்டே வருஷத்தில் முடித்தார். அடுத்து ஜெர்மனி, இத்தாலி என்று ஆய்வகம் ஆய்வகமாகப் போனார். 1865-ல், 20 வயதில், ஜெர்மனியின் கீசன் நகரில் ஒரு தட்டைப்புழுவை ஆராய்ந்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அந்தப் புழுவின் குடலில் உணவு நம் வயிற்றில் போலக் கரைக்கப்படவில்லை. குடலின் செல்களே உணவுத் துகள்களை உள்ளே இழுத்து, தங்களுக்குள் வைத்துச் செரித்தன. அமீபா செய்வதைப் போல. அப்போது அது ஒரு சின்ன குறிப்பு, அவ்வளவுதான். அதன் மதிப்பு 17 வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

1867-ல் ஒடெஸாவில் இருந்த பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. வயது 22. மாணவர்களில் சிலர் அவரைவிடப் பெரியவர்கள்.

வேலை சரியாகப் போனது. வீடு அப்படி இல்லை. 1869-ல் லுட்மிலாவைத் திருமணம் செய்தபோதே அவருக்குக் காசநோய். மூச்சு வாங்கியதால் மணமகளை நாற்காலியில் வைத்துத்தான் தேவாலயத்துக்குள் தூக்கிப் போனார்கள். வெயிலும் கடல்காற்றும் உள்ள ஊர்களாகத் தேடித் தேடி அழைத்துப் போனார் மெச்னிகாஃப். காசநோய்க் கிருமி எது என்றே உலகத்துக்குத் தெரியாத காலம் அது. ராபர்ட் காக் அதைக் கண்டுபிடித்தது 1882-ல்தான். லுட்மிலா 1873-ல் மதீரா தீவில் இறந்துபோனார். மனமுடைந்த மெச்னிகாஃப் உயிரை விட முயன்று, பிழைத்துக்கொண்டார். அந்த நாட்களில் ஒரு இரவு, விளக்கைச் சுற்றிப் பறந்த பூச்சிகளைப் பார்த்தாராம். சில மணி நேரமே வாழும் இந்த உயிர்களுக்கு டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வு எப்படிப் பொருந்தும் என்ற கேள்வி தலைக்குள் ஓட ஆரம்பித்தது. அந்தக் கேள்விதான் அவரைத் திரும்ப வேலைக்கு இழுத்து வந்தது என்று அவர் வாழ்க்கை வரலாறு சொல்கிறது.

அந்த வரலாற்றை எழுதியவர் ஓல்கா. 1875-ல் அவர் மணந்துகொண்ட இரண்டாவது மனைவி. 1880-ல் ஓல்காவுக்கும் டைஃபாய்டு வந்து உயிர் ஊசலாடியது. அவர் பிழைத்துக்கொண்டார். அடுத்த வருஷம், வேலையில் அரசியல் நெருக்கடி, மனச்சோர்வு எல்லாம் சேர்ந்திருந்த நேரத்தில், விட்டுவிட்டு வரும் ஒருவகைக் காய்ச்சல் நோயாளியின் ரத்தத்தை மெச்னிகாஃப் தன் உடம்பில் செலுத்திக்கொண்டார். ரத்தத்தின் வழியாக அந்த நோய் பரவுமா என்று பார்ப்பது நோக்கம். பரவியது. சாவின் விளிம்புக்குப் போய் வந்தார். இன்றைக்கு எந்த ஆய்வு நெறிக் குழுவும் இதை அனுமதிக்காது. அதைச் சோதனை என்பதா, வேறு ஏதாவது சொல்வதா என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

மெஸ்ஸினாவில் ஒரு முள்

1881-ல் ஜார் மன்னர் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்ட பிறகு பல்கலைக்கழகங்களில் கெடுபிடி அதிகமானது. 1882-ல் மெச்னிகாஃப் ராஜினாமா செய்துவிட்டு, மனைவியையும் மனைவியின் தம்பி தங்கைகளையும் அழைத்துக்கொண்டு இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள மெஸ்ஸினாவுக்குப் போனார். கையில் சம்பளம் இல்லை, மாணவர்கள் இல்லை, ஆய்வகம் இல்லை. கடற்கரையோரம் ஒரு வீடு, வரவேற்பறையில் ஒரு மைக்ரோஸ்கோப்.

அந்த வருஷக் கடைசியில் ஒரு நாள், வீட்டில் எல்லோரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டார்கள். வித்தை காட்டும் குரங்குகள் வந்திருந்தன. இவர் போகவில்லை. நட்சத்திர மீனின் லார்வாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் குட்டி உயிர் அது. உள்ளே சில செல்கள் அமீபா மாதிரி ஊர்ந்து திரிவது நன்றாகவே தெரியும். உணவைப் பிடித்துத் தின்னும் செல்களை அவர் முன்பே பார்த்திருக்கிறார். இப்போது எழுந்த கேள்வி வேறு. குடலோடு சம்பந்தமே இல்லாத இந்தச் செல்கள் எதற்காக அலைகின்றன? ஒருவேளை உள்ளே நுழையும் ஆபத்தைப் பிடிக்கவோ?

அப்படியானால், லார்வாவுக்குள் ஒரு முள்ளைக் குத்தினால் இந்தச் செல்கள் அங்கே ஓடி வர வேண்டும். நம் விரலில் முள் குத்தினால் சீழ் கட்டுகிறதே, அதே மாதிரி. வீட்டுத் தோட்டத்தில் இருந்த ரோஜாச் செடியில் சில முட்களைப் பறித்து வந்து லார்வாக்களின் தோலுக்கு அடியில் செருகினார். இரவு தூக்கம் வரவில்லை. விடியற்காலையில் பார்த்தால், முள்ளைச் சுற்றி செல்கள் மொய்த்திருந்தன.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோணலாம். அன்றைய மருத்துவம் என்ன நம்பியது என்று தெரிந்தால்தான் அது புரியும். வீக்கம் என்பது ரத்தக் குழாய்களின் கோளாறு, குழாய் கசிவதால் வெள்ளை அணுக்கள் வெளியே வருகின்றன என்பது பெரிய ஆய்வாளர்களின் கருத்து. வெள்ளை அணுவுக்குள் கிருமி இருப்பதைச் சிலர் பார்த்திருந்தார்கள். ஆனால் கிருமி அந்த அணுவை வாகனமாக வைத்துக்கொண்டு உடம்பு முழுக்கப் பரவுகிறது என்றுதான் பலர் புரிந்துகொண்டார்கள். நட்சத்திர மீன் லார்வாவுக்கு ரத்தக் குழாயே கிடையாது. கசிய ஒன்றும் இல்லை. ஆக, செல்கள் தாங்களாகவே நகர்ந்து முள்ளிடம் போயிருக்கின்றன. வீக்கம் என்பது நோய் அல்ல, உடம்பு போடும் சண்டை. ஒரு முள், ஒரு இரவு, மருத்துவத்தின் ஒரு பெரிய நம்பிக்கை தலைகீழானது.

மெஸ்ஸினாவுக்கு வந்திருந்த ஜெர்மன் மருத்துவ மேதை விர்ச்சோ, இதைக் காட்டியபோது உற்சாகப்படுத்தினார், கூடவே எச்சரிக்கையும் செய்தார். வியன்னாவில் கிளவுஸ் என்ற விலங்கியல் பேராசிரியர் இந்தச் செல்களுக்குக் கிரேக்க மொழியிலிருந்து ஒரு பெயர் அமைத்துக் கொடுத்தார்: ஃபேகோசைட். தமிழில் விழுங்கு செல் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள், செல் கிருமியைத் தின்பதை மெச்னிகாஃப் அன்று கண்டார் என்று. உண்மையில் அன்று காலை அவர் பார்த்தது தின்பதை அல்ல. முள் செல்லைவிடப் பல மடங்கு பெரிது. அதை எந்தச் செல்லாலும் விழுங்க முடியாது. சின்னத் துகள்களை அந்தச் செல்கள் உள்ளே இழுத்துக்கொண்டன என்பதும் அவருக்குத் தெரியும். பெரிய பொருள் என்றால் சூழ்ந்துகொண்டன, ஒன்றோடொன்று இணைந்து ஒரு போர்வை மாதிரி மூடிக்கொண்டன. இன்று உடம்பில் வைக்கும் உலோகத்தின் மேலும் பிளாஸ்டிக்கின் மேலும் நம் வெள்ளை அணுக்களில் ஒருவகையான மேக்ரோஃபேஜ்கள் இணைந்து ராட்சத செல்களாக மாறுவதை டாக்டர்கள் பார்க்கிறார்கள். அதே காட்சிதான்.

தோற்கவும் செய்யும்

1884-ல் டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளை எடுத்துக்கொண்டார். குளத்தில் வாழும், ஊடுருவித் தெரியும் குட்டி உயிர். அதைத் தாக்கும் ஒரு ஈஸ்ட் பூஞ்சையின் வித்துகள் ஊசி போல இருக்கும். உணவோடு உள்ளே போகும் வித்து குடலைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும்போதே ரத்தச் செல்கள் வந்து பிடித்துக்கொள்கின்றன. வித்து சிதைந்துபோகிறது. டாஃப்னியா பிழைக்கிறது.

ஆனா எப்போதும் அப்படி இல்லை. ஒரு வித்து தப்பி முளைத்துப் பெருகிவிட்டால் ஆட்டம் மாறுகிறது. கூட்டம் கூடிய பூஞ்சை வெளியிடும் ஏதோ ஒன்றில் ரத்தச் செல்களே கரைந்துபோவதை அவர் பதிவு செய்தார். டாஃப்னியா செத்துவிடுகிறது. தனி ஆளாக வந்தால் மாட்டிக்கொள்ளும் எதிரி, கூட்டமாகிவிட்டால் விழுங்க வருபவரையே கொல்கிறது. பயோஃபிலிம் என்ற சொல் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பு இதை எழுதிவைத்தார்.

அவர் விட்ட இடத்திலிருந்து

மெச்னிகாஃப் காலத்தில் ஆய்வகத்தில் வளர்த்த பாக்டீரியா என்றாலே திரவத்தில் தனித்தனியாக மிதப்பவைதான். நோயாளியின் உடம்பில் அவை கூட்டமாகப் பசைக்குள் வாழ்கின்றன என்பது மருத்துவத்தின் கவனத்துக்கு வர 1970-கள் ஆயிற்று. கனடாவில் இருந்த பில் கோஸ்டர்டன், டென்மார்க்கின் நீல்ஸ் ஹொய்பி போன்றவர்கள் அதை அழுத்திச் சொன்னார்கள்.

தனி பாக்டீரியா மாட்டினால் என்ன ஆகும் என்று முதலில் பார்ப்போம். நம் ரத்தத்தில் அதிகம் இருக்கும் வெள்ளை அணு நியூட்ரோபில். அது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவு இருக்கும். பாக்டீரியா அதில் பத்தில் ஒரு பங்கு. எளிதாக அணைத்து உள்ளே இழுத்து, ஒரு பைக்குள் அடைத்து, அந்தப் பைக்குள் நச்சுத்தன்மை கொண்ட ஆக்ஸிஜன் சேர்மங்களையும் செரிக்கும் நொதிகளையும் கொட்டும். கதை முடிந்தது.

அதே பாக்டீரியாக்கள் சர்க்கரைச் சங்கிலி, புரதம், டிஎன்ஏ கலந்த பசைக்குள் கட்டியாக இருந்தால்? அந்தக் கட்டி நியூட்ரோபிலைவிடப் பெரிதாக இருக்கும். வந்த நியூட்ரோபில் ஒட்டிக்கொள்கிறது, வாயைத் திறக்கிறது, ஆனால் மூட முடியவில்லை. உள்ளே பைக்குள் கொட்ட வேண்டிய ரசாயனங்களை வெளியே கொட்டிவிடுகிறது. அதில் சிதைவது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் நம் திசுதான். அறிவியலில் இதற்கு ஏமாந்த விழுங்கல் என்ற பொருளில் ஒரு பெயரே இருக்கு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ளவர்களின் நுரையீரலில் நடப்பது இதுதான். சூடோமோனஸ் என்ற பாக்டீரியா பயோஃபிலிமாக உட்கார்ந்துகொள்ளும். நியூட்ரோபில்கள் வருஷக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். நுரையீரல் நாசமாவதில் பெரும் பங்கு அந்த முடியாத சண்டைக்கு உண்டு.

இன்னொரு சிக்கல் ஆக்ஸிஜன். சண்டை போடும் நியூட்ரோபில்கள் சுற்றியிருக்கும் ஆக்ஸிஜனைக் கடகடவென்று தீர்த்துவிடும். ஆக்ஸிஜன் குறைந்தால் உள்ளே இருக்கும் பாக்டீரியா வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு கிட்டத்தட்டத் தூங்கும். பல ஆன்டிபயாடிக்குகள் வளரும் பாக்டீரியாவைத்தான் நன்றாகக் கொல்லும். தூங்குவதை அல்ல. ஆக, நம் காவல்காரரே திருடனுக்குப் போர்வை போர்த்திவிடுகிற மாதிரி ஆகிவிடுகிறது.

பாக்டீரியாவும் சும்மா இருக்காது. சூடோமோனஸ்கள் ரசாயன சைகைகளால் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். போதுமான கூட்டம் சேர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் ராம்னோலிப்பிட் என்ற சோப்பு மாதிரியான பொருளைச் சுரக்கும். நியூட்ரோபில் அதில் பட்டால் உடைந்து சாகும். நீர்த்தெள்ளில் மெச்னிகாஃப் பார்த்தது பூஞ்சை, இது பாக்டீரியா. சுரக்கும் பொருளும் வேறு. தந்திரம் ஒன்றுதான்.

2004-ல் நியூட்ரோபில்களின் இன்னொரு ஆயுதம் தெரியவந்தது. தன் டிஎன்ஏவையே வலையாக வெளியே வீசி, கிருமியைச் சிக்கவைக்கும். விழுங்க முடியாத எதிரிக்கு நல்ல ஆயுதம் போலத் தெரியும். பயோஃபிலிம் விஷயத்தில் அதுவும் ரெட்டை முனைக் கத்தி. செத்த நியூட்ரோபில்கள் விட்டுச்செல்லும் டிஎன்ஏவை சூடோமோனஸ் தன் கோட்டைக்குச் சாரமாகப் பயன்படுத்திக்கொள்வதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் வேறு வழியில் போகிறது. அதன் பயோஃபிலிம் அருகே வரும் மேக்ரோஃபேஜ்கள் சண்டை மனநிலையிலிருந்து காயம் ஆற்றும் மனநிலைக்கு மாறிவிடுவது எலிகளில் தெரிந்தது. போலீஸ் வந்து கேஸ் போடாமல் சுவருக்குப் பூச்சு வேலை பார்த்துவிட்டுப் போவது போல.

சரி, முள்ளுக்கு இதில் என்ன இடம்? மிகப் பெரிய இடம். 1957-ல் எலெக், கோனென் என்ற இரண்டு ஆய்வாளர்கள், முன்வந்த மனிதர்களின் தோலில் ஸ்டெஃபிலோகாக்கஸைச் செலுத்திப் பார்த்தார்கள். சீழ் கட்ட பல லட்சம் பாக்டீரியா தேவைப்பட்டது. அதே இடத்தில் ஒரு தையல் நூலை விட்டு வைத்தால் சில நூறே போதும். ஒரு சின்ன நூல் அவ்வளவு வித்தியாசம் செய்தது. 1980-களில் சுவிட்சர்லாந்தில் வெர்னர் சிம்மெர்லி குழு கினிப்பன்றிகளில் காரணத்தைத் தேடியது. வெளிப்பொருளைச் சுற்றிக் கூடும் நியூட்ரோபில்கள் அதை விழுங்க முயன்றே தங்கள் வெடிமருந்தைத் தீர்த்துவிடுகின்றன. அசல் கிருமி வரும்போது கை வெறும் கை. மூட்டு, பேஸ்மேக்கர், சிறுநீர் கேத்தட்டர், இதய வால்வு எல்லாமே இந்தக் கணக்கில் நல்ல நோக்கத்தோடு வைக்கப்பட்ட ரோஜா முட்கள்.

அதனால்தான் டாக்டர்கள் மூட்டைக் கழற்றச் சொல்கிறார்கள். தொற்று புதிது என்றால் திறந்து சுரண்டிக் கழுவி, நீண்ட ஆன்டிபயாடிக் கொடுத்துக் காப்பாற்றப் பார்ப்பார்கள். கோட்டை முதிர்ந்துவிட்டால் அது கடினம். கையால் உடைப்பதுதான் இன்னும் நம்பகமான வழி. பல் துலக்குவதும் தினசரி அதே வேலைதான்: கட்டியை உடைத்துச் சிதறடிப்பது.

பாரிஸில் 28 வருஷம்

மெச்னிகாஃபின் கதைக்குத் திரும்புவோம். 1886-ல் ஒடெஸாவில் ஒரு பாக்டீரியா ஆய்வு நிலையத்துக்கு இயக்குநர் ஆனார். நாய்க்கடிக்கு லூயி பாஸ்டர் கண்டுபிடித்த தடுப்பூசியைப் போடுவது முக்கிய வேலை. டாக்டர் பட்டம் இல்லாதவரை உள்ளூர் டாக்டர்கள் மதிக்கவில்லை. அவர் ஊரில் இல்லாதபோது அந்த நிலையம் ஆடுகளுக்குப் போட்ட ஆந்த்ராக்ஸ் தடுப்பூசி தவறிப்போய் ஆயிரக்கணக்கில் ஆடுகள் செத்தன. அத்தோடு போதும் என்று கிளம்பினார். 1888-ல் பாஸ்டரே தன் புதிய நிறுவனத்தில் இடம் கொடுத்தார்.

பாரிஸ் ஆய்வகத்தில் வேலை கொட்டிக் கிடந்தது, எதிரிகளும்தான். ஜெர்மனியில் காக் பக்கம் இருந்தவர்கள், நோயை எதிர்ப்பது செல் அல்ல, ரத்தத்தின் திரவம்தான் என்றார்கள். 1890-ல் பெரிங்கும் கிட்டசாட்டோவும் ரத்தத் திரவத்தில் நச்சு முறிப்பான்கள் இருப்பதைக் காட்டியபோது அந்தப் பக்கம் வலுத்தது. 1894-ல் ரிச்சர்ட் ஃபைஃபர் கினிப்பன்றியின் வயிற்றறையில் காலரா கிருமிகள் எந்தச் செல்லும் விழுங்காமலே கரைவதைக் காட்டினார். மெச்னிகாஃபுக்கு அது பெரிய அடி. ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு புதுச் சோதனையால் பதில் சொன்னார். மாநாடுகளில் தலைமுடி பறக்க வாதாடுவார் என்பது அவரைப் பற்றிய பிரபலமான சித்திரம்.

இதில் வேடிக்கை, ரத்தத் திரவத்தில் கிருமியை உடைக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று 1890-களில் கண்டுபிடித்த ஜூல்ஸ் போர்டே, மெச்னிகாஃபின் சொந்த ஆய்வகத்து இளைஞர். எதிர்க்கட்சிக்கு ஆதாரம் தன் வீட்டிலிருந்தே போனது. போர்டேவுக்குப் பின்னாளில் தனியாக நோபல் கிடைத்தது. அதே ஆய்வகத்துக்கும் இந்தியாவுக்கும் கூட ஒரு தொடர்பு உண்டு. ஒடெஸாவில் மெச்னிகாஃபிடம் படித்து, அவர் பின்னாலேயே பாரிஸ் வந்த வால்டெமர் ஹாஃப்கின்தான் 1890-களில் இந்தியாவுக்கு வந்து காலரா, பிளேக் தடுப்பூசிகளைப் போட்டவர். மும்பையில் ஹாஃப்கின் நிறுவனம் அவர் பெயரில்தான் இருக்கு.

கடைசியில் இரண்டு பக்கமும் சரி என்று ஆனது. 1903-ல் லண்டனில் ஆல்ம்ராத் ரைட், ரத்தத் திரவத்தில் உள்ள பொருட்கள் கிருமியின் மேல் பூசிக்கொண்டால் விழுங்கு செல்கள் அதை இன்னும் ஆர்வமாக விழுங்குகின்றன என்று காட்டினார். திரவம் குறி வைக்கிறது, செல் முடிக்கிறது. 1908 மருத்துவ நோபல் பரிசு மெச்னிகாஃபுக்கும், திரவப் பக்கத்தின் பெரிய மூளையான பால் எர்லிச்சுக்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. பயோஃபிலிம் முன்னால் இந்தக் கூட்டணியும் தடுமாறுகிறது என்பது பின்னாளில் தெரிந்தது. எதிரணுக்கள் பசையின் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு, உள்ளே இருக்கும் பாக்டீரியாவைச் சரியாக அடையாமல் நின்றுவிடுகின்றன.

தயிரும் கிழட்டுக் காலமும்

நோபலுக்கு முன்பே அவர் கவனம் வேறு பக்கம் போயிருந்தது. 1892-ல் காலரா கிருமியைக் கலந்து குடித்துப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைப் பார்த்து முன்வந்த ஒருவர் சாகக் கிடந்தார். குடலில் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாக்கள்தான் இந்த வித்தியாசத்துக்குக் காரணமோ என்ற யோசனை அவருக்கு ஒட்டிக்கொண்டது. எமில் ரூவோடு சேர்ந்து 1903-ல் சிபிலிஸ் நோயை சிம்பன்சிக்குத் தொற்றவைத்துக் காட்டினார்.

பிறகு முதுமை. ஜெரன்டாலஜி என்ற சொல்லையே அவர்தான் உருவாக்கினார். பெருங்குடலில் அழுகும் பாக்டீரியாக்களின் நச்சுதான் நம்மைக் கிழவராக்குகிறது, அந்த நச்சால் பலவீனமான மூளைச் செல்களை விழுங்கு செல்களே தின்கின்றன, தலைமுடி நரைப்பதும் அவை நிறமிகளைத் தின்பதால்தான் என்று வாதாடினார். பல்கேரியாவில் நூறு வயது தாண்டியவர்கள் நிறைய என்று கேள்விப்பட்டு, அங்கே புளித்த பாலில் இருக்கும் பாக்டீரியாவைக் காரணமாகச் சொன்னார். தானும் தினமும் குடித்தார். பாரிஸில் புளித்த பால் ஃபேஷன் ஆனது. தயிர் இல்லாமல் சாப்பாடு முடியாத வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் சிரிப்பாக இருக்கும்.

இந்தப் பகுதியில் அவர் சொன்னதில் பெரும்பாலானவை நிற்கவில்லை. முடி நரைப்பது நிறமி உருவாக்கும் செல்கள் குறைவதால். குடல் பாக்டீரியா நம் உடல்நலத்தைப் பாதிக்கும் என்ற அடிப்படை எண்ணம் மட்டும் இன்று பெரிய ஆய்வுத் துறை. சூப்பர் மார்க்கெட்டில் ப்ரோபயாடிக் என்று எழுதி விற்கும் பாட்டிலைப் பார்க்கும்போது அவரை நினைத்துக்கொள்ளலாம், ஆனால் அதில் எழுதியிருப்பதை எல்லாம் அவர் பெயரில் நம்ப வேண்டியதில்லை. மெஸ்ஸினாவில் முள்ளைக் குத்திச் சோதித்துப் பார்த்தவர், தயிர் விஷயத்தில் அந்த அளவுக்குச் சோதிக்கவில்லை.

1914-ல் போர் வந்தது. நிறுவனத்து இளைஞர்கள் போர்முனைக்குப் போனார்கள், ஆய்வகம் காலியானது. மெச்னிகாஃபின் இதயம் ஏற்கெனவே பலவீனம். கடைசி மாதங்களில் அவரை நிறுவனத்துக்குள்ளேயே, பாஸ்டர் வாழ்ந்த வீட்டில் தங்கவைத்தார்கள். தன் உடலை அறுத்துப் பார்க்கச் சொல்லி நண்பரிடம் கேட்டுக்கொண்டார். 1916 ஜூலை 15 அன்று, 71 வயதில் இறந்தார். சாம்பல் கலசம் பாஸ்டர் நிறுவனத்தின் நூலகத்தில் வைக்கப்பட்டது.

அடுத்த வருஷம், 1917-ல், அதே நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் டி ஹெரெல் பாக்டீரியாவைத் தாக்கி உடைக்கும் வைரஸ்களைப் பற்றி அறிவித்தார். பாக்டீரியோஃபேஜ் என்று பெயர் வைத்தார். ஃபேகோசைட்டில் இருக்கும் அதே தின்னும் என்ற கிரேக்கச் சொல்தான் இதிலும். அவற்றில் சில, பயோஃபிலிம் பசையைக் கரைக்கும் நொதிகளைத் தம் உடம்பிலேயே கொண்டவை. ஆன்டிபயாடிக் கைவிட்ட செயற்கை மூட்டுத் தொற்றுகளில் சில நோயாளிகளுக்கு, ஆபரேஷனோடும் ஆன்டிபயாடிக்கோடும் சேர்த்து, இப்போது அவற்றைக் கொடுத்துப் பார்த்துவருகிறார்கள்.